திருத்தமும் மறுதொடக்கமும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கணினியியல் பயிலும் எம்மிடம் இன்று பேசத் தந்த பொருள் சற்று வரண்டதுதான். பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே ஏற்றிக்கொள்ளும் கணினி அத்தோடு நின்றுவிடலாமா? அல்லது, தான் நடத்தும் சேவைகளையும், வேண்டுமாயின் தன்னையுமே நிறுத்தி மீண்டும் தொடங்க வேண்டுமா?

நமது மன்றத்தின் யாப்பைத் திருத்தி அலுமாரியில் வைத்துவிட்டோம் என்று கொள்ளுங்கள். தலைவரோ பழைய யாப்பை மனனஞ் செய்தவர்; அதன்படியே கூட்டம் நடத்துகிறார். திருத்தம் உண்டு, ஆனால் நடப்பில் இல்லை. கணினியின் நிலையும் இதுவே. மென்பொருள் தொடங்கும்போது வட்டிலுள்ள கோப்பை நினைவகத்தில் ஏற்றிக்கொள்கிறது. பின்னர் வட்டிலுள்ள கோப்பு மாறினாலும், ஓடிக்கொண்டிருப்பது பழையதே.

2014 ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ என்னும் குறைபாடு வெளிப்பட்டது. ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற மறையீட்டு நூலகத்தில் இருந்த அப்பிழையால், சேவையகத்தின் நினைவகத்தில் கிடந்த இரகசியங்களைப் பிறர் தொலைவிலிருந்தே படிக்க முடிந்தது. திருத்தத்தை ஏற்றியும் சேவையை மறுதொடக்கம் செய்யாதவர்களின் கதவு திறந்தே கிடந்தது. திருத்திவிட்டோம் என்ற நம்பிக்கையோடு உறங்குவது, திருத்தாதிருப்பதினும் மோசமென்பது எமது துணிபு.

சேவையை மறுதொடக்கம் செய்யப் பெரும்பாலும் சில விநாடிகள் போதும். பழைய நூலகத்தைப் பற்றிக்கொண்டிருக்கும் சேவைகள் எவையெனக் கண்டுபிடிக்க லினக்ஸில் ‘நீட்ரீஸ்டார்ட்’ என்றொரு கருவியும் உண்டு. ஆனால் கேர்னல் எனப்படும் அடிப்படை நிரல் மாறினால், சில சிறப்பு ஏற்பாடுகள் இருந்தாலன்றி, கணினி முழுவதையும் நிறுத்தித் தொடங்கவேண்டும். உபுண்டுவின் தானியங்கித் திருத்தக் கருவி இவ்விடத்தில் தயங்குகிறது. நாம் கட்டளையிட்டு நேரங் குறித்தாலன்றி, ‘மறுதொடக்கம் தேவை’ என்று குறிப்பெழுதி வைத்துவிட்டு இருந்துவிடும். அக்குறிப்பை யார் படிக்கிறார்கள்?

ஒத்திவைப்பின் விலையை நம் நாடும் கண்டது. அரசாங்க மின்னஞ்சலைத் தாங்கிய எக்ஸ்சேஞ் 2013 மென்பொருளுக்கான ஆதரவு 2023 ஏப்ரலில் முடிந்தது. நிதிக் குறைவாலும் தீர்மானத் தாமதத்தாலும் அது புதுப்பிக்கப்படவில்லை. அவ்வாண்டு ஓகஸ்டில் கப்பம் கேட்கும் நச்சுநிரல் தாக்கியது. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் மீளவில்லை.

“அப்படியாயின் எல்லாவற்றையும் இயந்திரத்திடமே விட்டுவிடலாமே” என்பர் இளைஞர் சிலர். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பொன்று ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை விழுத்தியது. பல கணினிகள் எழுவதும் விழுவதுமாகவே இருந்தன, விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் தடுமாறின. காவலுக்கென வைத்த மென்பொருளே செய்த வேலை அது!

நிறுத்துவதற்கு முன் மாற்றுவழி வேண்டும் என்பதைக் கிண்ணியாவில் யாரும் யாருக்கும் போதிக்க வேண்டியதில்லை. குறிஞ்சாக்கேணிப் பாலம் புதிதாக அமைக்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், 2021 நவம்பர் 23 காலை, மாற்றாக ஓடிய படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்பட நம்மவர் மாண்டனர். அத்துயரைக் கணினியோடு ஒப்பிடல் தகாது. ஆயினும் பாலம் திருத்துவோர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வியைக் கணினி திருத்துவோரும் கேட்கவேண்டும்: இது நிற்கும் வேளையில் இதனை நம்பியிருப்போர் எவ்வழியாற் போவர்?

ஆதலின் நாம் சொல்வது இது. சேவைகளைக் கணினி தானே மறுதொடக்கம் செய்யட்டும். முழுக் கணினியையும் தானே மறுதொடக்கம் செய்யட்டும். ஆனால் மனிதர் குறித்த வேளையில், ஒன்றன்பின் ஒன்றாக, முதலாவது நலமே எழுந்தபின் அடுத்தது. சிகிச்சைக் கருவியோடு இணைந்த கணினியை மட்டும் பொறுப்பாளர் அருகில் நின்றே நிறுத்தவேண்டும். ஒத்திவைப்பவர் தம் பெயரையும் காரணத்தையும் எழுதிவைக்க வேண்டும்; ஒரு வாரத்திற்கு மேல் தவணை கூடாது.

நமது மன்றக் கணினிக்கு ஞாயிறு அதிகாலை இரண்டு மணியை முன்மொழிகிறோம். பொருளாளர் அவ்வேளையிலும் கணக்கெழுதுபவராயின் இப்போதே சொல்லிவிடுவாராக.