விருதுப் பட்டியலும் வாசகரும்



உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் 1953-இல் தொடங்கிய ஹியூகோ விருதைப் பெற்ற நாவல்களை ஆண்டு வரிசையில் படித்து வருகிறேன். 1966-இல் விருது பெற்ற ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’, பாலைவனக் கோளொன்றில் நீரின் அருமையைக் காட்டிற்று. பதிப்பகங்கள் பல மறுத்த நூல் அது! 1970-இல் விருது பெற்ற அர்சுலா லெ குவினின் நாவலோ, ஆண், பெண் என்னும் நிலையான பிரிவற்ற மாந்தரைப் படைத்தது.

தமிழில் அத்தகைய பட்டியல் துணைவரவில்லை. ‘என் இனிய இயந்திரா’ தந்த சுஜாதா, சாகித்திய அகாதெமி விருது பெறாமலே 2008-இல் மறைந்தார். அப்பட்டியலை மட்டும் பற்றிச் செல்வோர் அவரைக் காணவே மாட்டார்.

நடுவர்கள் விட்ட நூல்களைத் தேடி அவைக்குக் கொணர்வது இலக்கிய வட்டங்களின் கடன். பத்தாண்டாய்ச் சந்தவாசலில் கவிதை வளர்த்த நாம், இனி அறிவியல் புனைகதைக்கும் இடமளிப்போம்.