மருத்துவப் பணியாளரும் காசநோய்த் தடுப்பு சிகிச்சையும்

காசநோய் காற்றில் பரவுவது. நோயாளி இருமும்போது வெளிப்படும் நுண்திவலைகள் மூடிய அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். வீட்டாருக்கு அடுத்தபடியாக அந்தக் காற்றைச் சுவாசிப்பவர்கள் மருத்துவப் பணியாளர்கள்: வார்டில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர், சளியைப் பரிசோதிக்கும் ஆய்வக நுட்பநர், பயிற்சி மருத்துவர், ஒப்பந்த அடிப்படையில் தரை துடைக்கும் தூய்மைப் பணியாளர். தொற்றிய எல்லாருக்கும் நோய் வருவதில்லை. நூற்றுக்கு 5 முதல் 10 பேரிடமே அது வாழ்நாளில் நோயாக மாறும், பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள். அதற்கு முன்பே, உறங்கிக் கிடக்கும் கிருமியை மருந்தால் அழிப்பதே தடுப்பு சிகிச்சை.

இதற்கு வலுவான ஆதாரம் அலாஸ்காவிலிருந்து வந்தது. 1950களின் பிற்பகுதியில் பெத்தெல் பகுதிக் கிராமங்களில் ஜார்ஜ் காம்ஸ்டாக் நடத்திய ஆய்வில், ஓராண்டு ஐசோனியசிட் என்ற காசநோய் மாத்திரையை உண்டவர்களிடம் நோய் பாதிக்கும் மேல் குறைந்தது. அந்த மாத்திரையைக் காம்ஸ்டாக்கும் அவர் குடும்பத்தாரும் உட்கொண்டார்கள். ஊராருக்குக் கொடுக்கும் மருந்தைத் தம் வீட்டிலும் கொடுத்த அந்த நேர்மை இத்துறைக்கு என்றும் முன்மாதிரி.

ஆயினும் பிறருக்கு இதைப் பரிந்துரைப்பவர்களே தமக்கென்று வரும்போது தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை அலட்சியம் என்று ஒதுக்குவது தவறு; அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

"சின்ன வயதிலேயே பிசிஜி தடுப்பூசி போட்டாயிற்றே" என்பது முதல் காரணம். செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பெரும் ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்று காட்டியது. தொற்றைக் கண்டறியத் தோலில் செய்யும் மாண்டூ சோதனையில் பிசிஜியால் தடிப்பு வரலாம் என்ற ஐயம் நியாயமானது. இரத்தத்தில் செய்யும் இக்ரா சோதனைக்கு அந்தக் குழப்பம் இல்லை.

இரண்டாவது, கல்லீரல் பற்றிய அச்சம். 1970இல் வாஷிங்டன் நாடாளுமன்ற வளாக ஊழியர்களில் ஐசோனியசிட் எடுத்த 2,321 பேரில் 19 பேருக்குக் கல்லீரல் அழற்சி கண்டது, இருவர் இறந்தனர். மது அருந்துவோர், வயதானோர், ஏற்கெனவே கல்லீரல் நோயுள்ளோர் ஆகியோரை இரத்தப் பரிசோதனையுடன் கண்காணிக்கும் வழக்கம் இப்படிப்பட்ட பாடங்களிலிருந்தே வந்தது.

மூன்றாவது, ஒன்பது மாதம் நாள்தோறும் மாத்திரை. ஷிஃப்ட் மாறி மாறி உழைப்பவருக்கு இது பெரும்பாடு. ஐசோனியசிட்டுடன் ரிஃபாபென்டைன் சேர்த்து வாரம் ஒருமுறை, மொத்தம் 12 வேளை கொடுக்கும் முறை 2011இல் வெளியான ஆய்வில் இதை மாற்றியது. முழுமையாக முடித்தவர்கள் 82 விழுக்காடு. ஒன்பது மாத முறையில் 69. கல்லீரல் பாதிப்பும் குறைவு. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், அதில் ஆபத்தில்லை. ஆனால் கருத்தடை மாத்திரையின் பலனை ரிஃபாபென்டைன் குறைக்கும். இளம் செவிலியரிடம் இதைச் சொல்லாமல் சீட்டு எழுதக் கூடாது.

மருந்து தொடங்குமுன் நோய் இல்லை என்பதை அறிகுறி விசாரித்தும் எக்ஸ்ரே எடுத்தும் உறுதிசெய்தாக வேண்டும். நோய் வந்துவிட்டவருக்கு ஐசோனியசிட்டை மட்டும் கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமியே வளரும்.

நோய் மலிந்த நாட்டில் மற்றொரு சிக்கல் உண்டு: மருந்து முடித்தவர் மறுநாளே அதே வார்டுக்குத் திரும்புகிறார். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம், மருந்தை நிறுத்தியதும் பாதுகாப்பு விரைவில் மறைந்தது. ஆகவே மாத்திரையும் காற்றோட்டமும் சேர்ந்தே வர வேண்டும். பெரு நாட்டின் லிமாவில் செய்த ஆய்வில், கதவு சன்னல்களைத் திறந்துவைத்த அறைகளில் மணிக்குச் சராசரி 28 முறை காற்று மாறியது. இயந்திரக் காற்றோட்ட அறைகளில் 12 முறையே. உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்களே முன்னின்றன. ஏசி பொருத்தி சன்னலை அடைத்துவிடும் இன்றைய பழக்கத்தை மருத்துவமனைகள் மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

பன்மருந்து எதிர்ப்புக் காசநோயாளியைப் பராமரித்துத் தொற்று பெற்றவருக்கு ஐசோனியசிட் உதவாது. அத்தகைய தொடர்பு உடையோருக்கு ஆறு மாதம் லெவோஃப்ளாக்சசின் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2024இல் பரிந்துரைத்தது. அதை உண்போரிடம் மூட்டுவலி, தசைநார் வலி ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும்.