காலடியில் கவனம்: கார் ஓட்டுவோர் அணிய வேண்டிய காலணி

(யாங்கோன் மாநகரின் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கூடிய நிகழ்வில் ஆற்றப்பட்ட உரை)



மொழி, பண்பாடு, உரிமை என்று பேசிப் பழகிய நம்மிடையே இன்று செருப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். எளிய பொருள் என்று எண்ணி ஒதுக்கிவிட வேண்டாம். நம் பிள்ளைகளின் உயிரும், ஓட்டுநர் உரிமமும், பல வேளைகளில் அவர்களின் வேலைவாய்ப்பும் இதனோடு தொடர்புடையவை.

இந்த மண்ணில் காலணிக்கு ஒரு வரலாறு உண்டு. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் ஐரோப்பியர்கள் பகோடாக்களுக்குள் காலணியுடன் நுழைந்ததைப் பர்மிய மக்கள் கடுமையாக எதிர்த்தனர். 1919 ஆம் ஆண்டில், அந்தந்தப் பகோடாவின் பொறுப்பாளர்களே இதனை முடிவு செய்யலாம் என்று அரசு இணங்க நேர்ந்தது. நமக்கும் கோவிலிலும் வீட்டிலும் காலணியைக் கழற்றுவது பிறவிப் பழக்கம். நாளுக்குப் பலமுறை கழற்றி மாட்ட வேண்டியிருப்பதால், குனியாமல் காலை நுழைக்கக்கூடிய செருப்பையே பர்மியரும் தமிழரும் விரும்புகிறோம். மிங்கலாச் சந்தைக்கும் அதே செருப்பு. கோவிலுக்கும் அதே செருப்பு. நடப்பதற்கு அது நன்று. கார் ஓட்டுவதற்கு அது ஏற்றதன்று. இதுவே நான் சொல்ல வந்த செய்தி.

காரணத்தைப் பாருங்கள். வாகனம் ஓட்டும்போது வலது குதிகால் தரையில் ஊன்றி நிற்கிறது. பாதத்தின் முன்பகுதி முடுக்கியிலிருந்து பிரேக்கிற்கு மாறுகிறது. பட்டைச் செருப்பு விரல்களில் மட்டுமே பிடிப்புக் கொண்டது. குதிகாலை உயர்த்தியதும் அடிப்பகுதி தொங்குகிறது. அவ்வாறு தொங்கும் விளிம்பு பிரேக்கின் அடியில் சிக்கலாம். முடுக்கியின் ஓரத்தில் மாட்டிக்கொள்ளலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் ஓடுகிறது. செருப்பை விடுவிக்க அரை வினாடி தாமதித்தாலும், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே கார் 7 மீட்டர் முன்னே சென்றிருக்கும். சாலையைக் கடக்கும் ஒரு குழந்தைக்கு அந்த 7 மீட்டரே வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட தூரம்.

இனிச் சட்டத்திற்கு வருவோம். இங்கே வதந்திகளும் அச்சமும் மிகுதி. இந்தியாவில் 2019 ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, செருப்பணிந்து ஓட்டினால் தண்டம் என்ற செய்தி காட்டுத்தீயாய்ப் பரவியது. அப்படியொரு விதி இல்லை என்று அதே ஆண்டு செப்டம்பரில் நடுவண் அமைச்சர் நிதின் கட்கரியின் அலுவலகம் விளக்கமளித்தது. அமெரிக்காவில் வெறுங்காலுடன் கார் ஓட்டுவது குற்றம் என்பது பலரின் நம்பிக்கை. உண்மையில் அதன் 50 மாநிலங்களில் எதிலும் அத்தகைய தடை இல்லை.

அப்படியானால் கவலையில்லை என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. பிரித்தானிய நெடுஞ்சாலை விதித்தொகுப்பின் 97 ஆம் விதி, வாகனத்தைச் சரியாக இயக்குவதற்கு உடையோ காலணியோ தடையாக இருக்கக் கூடாது என்கிறது. எந்தக் காலணியையும் அது பெயர் சொல்லித் தடுக்கவில்லை. ஆயினும் செருப்பு வழுக்கியதால் கார் தடுமாறினால், கவனமின்றி ஓட்டிய குற்றத்திற்கு 100 பவுண்டு தண்டமும் 3 தண்டப் புள்ளிகளும் விதிக்கப்படலாம். வழக்கு நீதிமன்றம் சென்றால் தண்டனை இன்னும் கூடும். அந்நாட்டில் உரிமம் பெற்ற முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் 6 புள்ளிகள் சேர்ந்தால் உரிமமே பறிபோகும். இளையோர் இதனை மனத்தில் இருத்த வேண்டும்.

பிரான்சில் வாகனச் சட்டத்தின் ஆர் 412-6 என்னும் பிரிவு, ஓட்டுநர் எல்லா இயக்கங்களையும் தடையின்றியும் தாமதமின்றியும் செய்யும் நிலையில் இருக்க வேண்டும் என்கிறது. காவலர் அதன்கீழ் செருப்புக்கு 35 யூரோ தண்டம் விதிக்க இயலும். ஜெர்மனியில் தொழில்முறை ஓட்டுநர்கள் பாதத்தைச் சுற்றிப் பிடிக்கும் காலணி அணிய வேண்டும் என்று விபத்துக் காப்பீட்டு விதி கட்டளையிடுகிறது. அங்கே வாகனம் ஓட்டிப் பிழைக்கச் செல்வோர் இதனை அறிந்திருத்தல் வேண்டும். யாங்கோன் தெருக்களில் ஓடும் பழைய கார்களில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்தவை. அந்த ஜப்பானின் டோக்கியோ மாநகரச் சாலை விதிகள், மரக்கட்டைச் செருப்பு முதலான, ஓட்டுதலுக்கு இடையூறாகும் காலணிகளை வெளிப்படையாகவே தடை செய்கின்றன.

இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றே. பல நாடுகளில் செருப்பு அணிவது தனிக் குற்றமன்று. ஆனால் விபத்து நேர்ந்த பின் அதுவே ஓட்டுநருக்கு எதிரான சான்றாகலாம். விதியில் இல்லாத தண்டத்தைக் கேட்பவரிடம் எந்தச் சட்டப்பிரிவு என்று பணிவோடு வினவுவது நம் உரிமை. நமக்கு எதிராகச் சான்று உருவாகாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை. அயல்மண்ணில் வாழ்வோர்க்கு இரண்டாவது இன்னும் இன்றியமையாதது.

எத்தகைய காலணி பொருத்தமானது? பிரித்தானிய வாகன உதவி நிறுவனமான ஆர்.ஏ.சி. தரும் அளவுகோல் எளிமையானது. அடிப்பகுதி 10 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கக் கூடாது; அதேவேளை மிக மெல்லியதாகவும் இருத்தல் ஆகாது. மிதிகளில் வழுக்காத பிடிப்பு வேண்டும். கணுக்கால் தடையின்றி மடங்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு மிதிகளை அழுத்தும் அளவிற்கு அகலம் கூடாது. பளுவான காலணியும் உகந்ததன்று. இவற்றோடு குதிகாலைப் பிடிக்கும் அமைப்பும் வேண்டும். சாதாரணக் கான்வாஸ் காலணியே போதும். விலையுயர்ந்தது எதுவும் தேவையில்லை. உயர்ந்த குதிகொண்ட காலணி அணியும் பெண்கள், விழாவிற்குச் சென்று இறங்கும்வரை தட்டையான காலணியில் ஓட்டட்டும். கைலியும் சேலையும் மிதிகளின் மேல் தழையாதவாறு ஒதுக்கிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ஈரமான அடிப்பகுதியைத் துடைத்த பின்னரே காரை இயக்குங்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலுடன் ஓட்டுவது சிலரின் வழக்கம். அவசரத்தில் பிரேக்கை முழு வலிமையோடு அழுத்தும்போது வெறும் பாதம் நோகும், ஈரமிருந்தால் வழுக்கும். கழற்றிய செருப்பை இருக்கையின் அடியில் விட்டால் ஆபத்து இன்னும் பெரிது. திடீரென்று வேகம் குறையும்போது அது முன்னே நகர்ந்து பிரேக்கின் கீழ்ச் சென்று அடைத்துக்கொள்ளும். 2009 ஆம் ஆண்டில் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ 38 இலட்சம் வாகனங்கள் தொடர்பில் எச்சரித்து அவற்றைத் திரும்ப அழைத்தது. தரைவிரிப்பு நகர்ந்து முடுக்கியைச் சிக்க வைக்கக்கூடும் என்பதே காரணம். ஒரு விரிப்பே இவ்வளவு செய்யுமானால், ஒற்றைச் செருப்பு என்ன செய்யாது? கழற்றிய காலணியைப் பின்னிருக்கையின் கீழோ காரின் பின்பெட்டியிலோ வையுங்கள்.

திருவிழா நாட்களைப் பற்றியும் ஒரு சொல். காவடி எடுத்தவரும் தீமிதித்தவரும் நோன்பால் களைத்திருப்பர். பாதத்தில் கொப்புளமும் இருக்கலாம். அவர்கள் அன்று ஓட்டுநர் இருக்கையில் அமரக் கூடாது. வேறொருவர் ஓட்டட்டும். இதனால் நேர்த்தியின் பெருமை குறைந்துவிடாது.

பர்மா 1970 டிசம்பர் 6 அன்று சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்திற்கு மாறியது. இங்கிருந்து மலேசியாவிற்கோ சிங்கப்பூருக்கோ இங்கிலாந்திற்கோ செல்லும் பிள்ளைகள் மீண்டும் இடப்பக்கம் ஓட்டப் பழக வேண்டும். ஆனால் மிதிகளின் வரிசை எந்நாட்டிலும் மாறுவதில்லை: இடத்தில் கிளட்ச், நடுவில் பிரேக், வலத்தில் முடுக்கி. எனவே காலுக்கு இன்று பழக்கும் ஒழுக்கம் எந்த நாட்டிலும் உதவும்.

பெற்றோர்களே, அறிவுரையைவிட உங்கள் பாதங்களையே பிள்ளைகள் கூர்ந்து நோக்குகின்றனர். தந்தை செருப்போடு ஓட்டிக்கொண்டு மகனைக் கண்டிப்பதில் பயனில்லை. காரில் ஒரு சோடி காலணியை எப்போதும் வைத்திருங்கள். சாவி கைக்கு வரும்போது காலணி காலுக்கு வரட்டும். கோவில் வாசலில் அதனைக் கழற்றுங்கள். திரும்பி வந்ததும் மறவாமல் மாட்டிக்கொள்ளுங்கள். ஒரு நிமிடமே ஆகும்.