கட்டுச்சோறு தாங்கும் தூரம்



மும்பைத் தமிழர்களாகிய நாம் பயணம் என்று சொன்னால் அது ஊர்ப் பயணத்தையே குறிக்கும். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக வாழ்பவரும், செம்பூரில் வாடகைக்குக் குடியிருப்பவரும், தாராவியில் தொழில் நடத்துபவரும் இதில் ஒன்றே. ஆண்டு முழுவதும் விடுமுறையைச் சேர்த்துவைத்து, கோடையிலோ பொங்கலுக்கோ தெற்கே போகும் ரயிலில் இடம் பிடித்து, இரண்டு வாரம் கழித்துத் திரும்பினால் அவ்வாண்டுக் கணக்கு முடிந்துவிடுகிறது. கர்ஜத், கசாரா, போரிவ்லி என்னும் பெயர்களை ரயில் நிலையங்களில் நாள்தோறும் கேட்கிறோம். அங்கே இறங்கிப் பார்த்தவர் நம்மில் சிலரே.

எங்கள் வீட்டிலும் இந்நிலைதான் இருந்தது. எம் தந்தையார் தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்து எங்களுடன் தங்கிய முதல் ஆண்டில், செம்பூர் வீட்டின் மூன்றாம் மாடிச் சன்னலே அவருக்கு மும்பையாக இருந்தது. “அடுத்த ஞாயிறு போகலாம், அப்பா” என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்லி வந்தோம். ஒருநாள் அவர், “இந்த ஊரில் ஆபீசையும் அடுக்களையையும் தவிர வேறொன்றும் இல்லையா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளும் ஆவலில் கேட்டார். அதனாலேயே அது எங்களுக்கு உறைத்தது.

எங்கள் தொழில் மொழிபெயர்ப்பு. அரசாங்கக் கோப்புகளில் ‘சுற்றுப்பயணம்’ என்றால் அதிகாரிகள் படி வாங்கிக்கொண்டு போவது. ‘உல்லாசப் பயணம்’ என்றாலோ பெரும் செலவு நினைவுக்கு வருகிறது. ஆடிப்பெருக்கன்று புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய் அந்திக்குள் திரும்பினோமே, அதற்கு இவ்விரு சொற்களும் பொருந்தா. காலையில் கட்டிய சோறு கெடுமுன் போய்ச் சேரும் தூரம் என்பதே நாம் கொள்ளவேண்டிய அளவு. எங்கே போவது என்பதை அடுத்துப் பார்க்கலாம். வீட்டில் மிகக் குறைவாக நடக்கக்கூடியவர் யார், மிகக் குறைவாக ஓய்வு உடையவர் யார் என்பதே முதற் கேள்வி.

தந்தையாருக்கு முழங்கால் வலி. ஆகவே எலிபெண்டாத் தீவைத் தேர்ந்தோம். படியேற்றம் உள்ள இடம் ஆயிற்றே என்று தோன்றும். கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகில் அமர்ந்தே போகலாம். இறங்குதுறையிலிருந்து சிறு ரயில் உண்டு. அதன்பின் உள்ள சுமார் 120 படிகளுக்கு நாற்காலியில் வைத்துத் தூக்கிச் செல்பவர்கள் இருக்கிறார்கள். கூலியை முன்னரே பேசிக்கொள்வது நலம். திங்கட்கிழமை குகைகள் மூடியிருக்கும். மழைக்காலத்தில் கடல் கொந்தளிப்பால் படகுகள் அடிக்கடி நின்றுவிடும். கடைசிப் படகு எப்போது என்பதை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளவேண்டும். 2024 டிசம்பர் 18ஆம் நாள் கடற்படையின் விரைவுப்படகு மோதி, தீவுக்குச் சென்ற பயணிகள் படகு கவிழ்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மிதவைச் சட்டையை, வெயிலையும் புழுக்கத்தையும் பாராமல், துறையைவிட்டு நீங்குமுன்னரே அணிந்துகொள்ளுங்கள்.

மண்டகப்பட்டில் செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இன்றிக் கோயில் அமைத்ததை மகேந்திரவர்மன் பெருமையுடன் கல்வெட்டில் பொறித்தான். அது 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். எலிபெண்டாவின் பெருங்குகை அதற்கும் முற்பட்டது, 6ஆம் நூற்றாண்டினது என்பது அறிஞர் பலரின் கருத்து. ஏறத்தாழ 18 அடி உயரமுள்ள மூன்று முகச் சதாசிவ வடிவத்தின் முன் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். தந்தையாரோ அதன் பக்கத்திலுள்ள கங்காதரர் சிற்பத்தின் எதிரே அமர்ந்துகொண்டார். அவர் பாசன வாய்க்காலில் லஸ்கராக இருந்து ஓய்வுபெற்றவர். “பாய்ந்து வந்த கங்கையைச் சடையில் தேக்கி அளவாக விட்டார் அல்லவா? முதல் லஸ்கர் இவர்தான்” என்றார். அரைமணி நேரம் அவ்விடத்தை விட்டு எழவில்லை.

நடக்கக்கூடியவருக்கும் நேரமில்லை என்பது தாராவி அன்பர்களின் குறை. எங்கள் தெருவுக்கு இட்லி கொண்டுவரும் திருநெல்வேலி நண்பர் ஒருவர், “ஞாயிறுதான் எங்களுக்கு வியாபாரமே, ஒருநாள் போனால் ஒருநாள் முதல் போகும்” என்பார். அவருக்காக அரைநாள் பயணம் ஒன்று வகுத்தோம். கோடை விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை வியாபாரம் முடிந்ததும் மாஹிமில் ரயிலேறிப் போரிவ்லியில் இறங்கி, சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குள் உள்ள கான்ஹேரிக் குகைகளுக்கு இரு குடும்பமும் சென்றோம். இங்கும் திங்கள் விடுமுறை. பூங்கா வாயிலிலிருந்து குகைகள் ஐந்து கிலோமீட்டருக்கும் அதிகம். நடக்க எண்ணாமல் வண்டியில் போவதே தகும்.

கான்ஹேரி என்பது கிருஷ்ணகிரி என்பதன் திரிபு. நம் கிருஷ்ணகிரியும் அதே கருமலைதான். பௌத்தத் துறவிகள் சற்றேறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் இங்கு வாழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட குகைகளைக் குடைந்திருக்கிறார்கள். பிள்ளைகள் நெடிய புத்தர் உருவங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தனர். நண்பரின் மனைவியார் கண்டது வேறு. பாறையில் வெட்டிய கால்வாய்களின் வழியே மழைநீர் இறங்கி, குகையின் அருகிலுள்ள தொட்டியில் நிறைகிறது. அவர் அதைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே நான்கு குகைகள் நடந்தார். “வாசலுக்கு வாசல் தண்ணி! எங்க சந்துல விடியுமுன்னே குடத்தோட நிக்கணும்” என்றார். நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

இரவு தங்கிவரும் பயணத்திற்கு மாத்தேரான் மலையைச் சொல்லுவோம். ஊட்டி ரயிலைப் போல இங்கும் சிறு ரயில் உண்டு. 1907இல் தொடங்கியது, ஊட்டி ரயிலுக்குள்ள பல்சக்கரம் இதற்கில்லை. நேரல் நிலையத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறுகிறது. மழைக்காலத்தில் அடிவாரத்திலிருந்து இந்த ரயில் ஓடாது. மலைமேல் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதியில்லை. கார்கள் தஸ்தூரியில் நின்றுவிடும். சனிக்கிழமை இரவுக் கூட்டத்தைத் தவிர்த்து வாரநாளில் போனால் விடுதி வாடகையும் குறையும். வெள்ளை வேட்டி வேண்டாம். செம்மண் புழுதி மூன்று சலவைக்கும் போகாது. தின்பண்டத்தைக் கையில் பிடித்து நடந்தால் குரங்குகள் பங்குக்கு வரும்.

நேரல் போகும் கர்ஜத் வண்டிகளுக்கு மாட்டுங்கா அன்பர்கள் தாதருக்கும், செம்பூர்க்காரர்கள் குர்லாவுக்கும் போய் ஏறுவது எளிது. ஞாயிறன்று புறப்படுவதானால் ‘மெகா பிளாக்’ எந்தப் பாதையில் என்பதை முதல்நாள் செய்தித்தாளில் பார்த்துவிடுங்கள். நாங்கள் ஒருமுறை பாராமல் புறப்பட்டு, குர்லா நடைமேடையிலேயே கட்டுச்சோற்றைப் பிரித்தோம். குற்றம் எங்களுடையதே.

அந்தப் பயணத்தை ‘அடுத்த மாதம்’ என்று தள்ளிவைத்தோம். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தந்தையாரும் அறுவடைக்கென்று ஊர் திரும்பிவிட்டார். இப்போது தொலைபேசியில் பேசும்போதெல்லாம் மலை ரயில் ஓடத் தொடங்கிற்றா என்று கேட்கிறார். தொடங்கியதும் அவருக்குப் பயணச்சீட்டு வாங்க இருக்கிறோம். தஸ்தூரி வரை வாடகைக் கார். அங்கே அமன் லாட்ஜ் நிலையத்திலிருந்து மாத்தேரான் வரை சிறு ரயில். ரயிலடிக்குப் பக்கத்திலேயே தரைத்தளத்தில் ஓர் அறை. நடை அவருக்கு மிகுதியாக இராது.