இல்லறம் பெரிதா, துறவறம் பெரிதா? ஆதித் திருச்சபையில் எழுந்த ஒரு வழக்கு



கத்தோலிக்கக் குருவானவர் மணம் முடிப்பதில்லை. புரட்டஸ்தாந்து சபைப் போதகரோ மனைவி, பிள்ளைகளோடு வாழ்கிறார். இருவர் கையிலும் இருப்பது வேதாகமந்தானே, பிறகேன் இந்த வேறுபாடு என்று எங்கள் பிள்ளைகள் கேட்கிறார்கள். அதற்கு விடை தேடினால், ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் உரோமாபுரியில் எழுந்த ஒரு வழக்குக்குப் போகவேண்டும்.

முதலில் அக்கால உரோமைச் சமுதாயத்தைப் பார்ப்போம். அங்கே கலியாணம் அரசாங்கத்தின் விடயமாகவும் இருந்தது. அகுஸ்துஸ் சீசர் கி.மு. 18இலும் கி.பி. 9இலும் கொண்டுவந்த சட்டங்கள், மணம் முடிக்காதவர்களுக்கும் பிள்ளை இல்லாதவர்களுக்கும் சொத்துரிமையில் தண்டனை விதித்தன. பெண் பிள்ளைகளைப் பன்னிரண்டு வயதில் கட்டிக்கொடுக்கச் சட்டம் இடமளித்தது.

அந்த உலகத்தில்தான் புனித பவுல், கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தில், மணம் முடிப்பது பாவமல்ல, ஆனால் தன்னைப்போலத் தனித்திருப்பது நல்லது என்றார். அதற்கு ஆண்டவரின் கட்டளை தன்னிடம் இல்லை என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார். மனைவியின் உடல்மீது கணவனுக்கு உரிமை இருப்பதுபோல, கணவனின் உடல்மீது மனைவிக்கும் உரிமை உண்டு என்றும் எழுதினார்.

இதனால் பெண்களுக்கு ஒரு கதவு திறந்தது. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த மக்ரீனா, தனக்கு நிச்சயிக்கப்பட்டவர் இறந்தபின் வேறு மாப்பிள்ளை வேண்டாம் என்று உறுதியாக நின்றார். பெண்களுக்கான துறவுக் குழு ஒன்றை நடத்தினார். ஆயராக விளங்கிய அவருடைய தம்பி கிரகோரியார், தன் அக்காவைத் தனது ஆசான் என்றே எழுதி வைத்திருக்கிறார். மணம் முடிக்காதோர்மீதான தண்டனைகளைக் கொன்ஸ்தந்தீன் மன்னர் 320இல் நீக்கினார்.

ஆனால் திறந்த கதவோடு ஓர் ஏணியும் வந்து சேர்ந்தது. கன்னியர் மேற்படி, கைம்பெண்கள் நடுப்படி, மணமானவர்கள் கீழ்ப்படி என்று ஆயிற்று. சிலர் அதற்கும் அப்பால் போய், மணமான குருவிடம் நற்கருணை வாங்க மறுத்தார்கள். இன்றைய துருக்கியில் உள்ள கங்ராவில் நான்காம் நூற்றாண்டில் கூடிய ஆயர்கள் இதைக் கண்டித்தார்கள். மணமானவர்களை இழிவாக நடத்தும் கன்னியரையும் சேர்த்தே கண்டித்தார்கள்.

390ஆம் ஆண்டளவில் உரோமாபுரியில் யோவினியன் என்ற துறவி, அந்த ஏணியே தவறு என்றார். அவரும் மணம் முடிக்காதவர்தான். திருமுழுக்குப் பெற்ற கன்னியும் கைம்பெண்ணும் மனைவியும், மற்றச் செயல்களில் வேறுபடாவிட்டால், ஒரே தகுதி உடையவர்கள் என்பது அவர் வாதம். பாப்பரசர் சிரீசியசும் மிலான் ஆயர் அம்புறோசும் அவரைத் திருச்சபைக்குப் புறம்பாக்கினர். புனித ஜெரோம் 393இல் அவருக்கு எதிராக எழுதிய நூலோ, திருமணத்தை அவ்வளவு கடுமையாகத் தாழ்த்தியதால், ஜெரோமின் நண்பர்களே பதறிப்போய்ப் பிரதிகளைத் திரும்பப்பெற முயன்றார்கள்.

சில ஆண்டுகளின் பின் புனித அகுஸ்தீன் திருமணத்தின் நன்மை பற்றி எழுதினார். பிள்ளைகள், ஒருவருக்கொருவர் உண்மையாயிருத்தல், பிரிக்கமுடியாத புனிதப் பிணைப்பு என மூன்று நன்மைகளைச் சொன்னார். பிள்ளைப்பேற்றுக்கு வழியில்லாத முதுமையிலும் கணவன் மனைவியின் துணைமை நல்லதே என்றார். துறவறம் அதைவிட மேல் என்பதை அவர் விடவில்லை. ஆனால் கன்னிமை பற்றிய நூலில், தற்பெருமை கொள்ளவேண்டாம் என்று நெடுகப் புத்தி சொன்னார். இதே அகுஸ்தீன்தான், பல ஆண்டுகள் தன்னோடு வாழ்ந்து மகனையும் பெற்றுத்தந்த பெண், வசதியான இடத்துச் சம்பந்தத்துக்காக ஆபிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டதைத் தன் நூலில் வேதனையோடு எழுதியவர். அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் அவர் எழுதவில்லை.

பிள்ளைகளின் கேள்விக்கு வருவோம். ஆதியில் மணமான குருக்களும் இருந்தார்கள். கிழக்குச் சபைகளில் மணமானவர்கள் இன்றும் குருக்களாகிறார்கள். மேற்கில் கட்டுப்பாடு படிப்படியாக இறுகி, 1139இல் இரண்டாம் இலாத்தரன் சங்கம் குருக்களின் திருமணம் செல்லாது என்றது. மார்ட்டின் லூதர் 1525இல் மணம் முடித்தார். புரட்டஸ்தாந்து சபைகள் அந்த வழியில் போயின.

எங்கள் சமூகத்திலும் ஓர் ஏணி இருக்கிறது, தலைகீழாக. தம்பி தங்கைகளை வெளியில் எடுத்து ஆளாக்குவதற்காக உழைத்து, மணம் முடிக்காமலே இருந்துவிட்ட அக்காவை, "இன்னும் ஒன்றும் சரிவரவில்லையோ?" என்று கேட்கிறோம். யுத்தத்தில் கணவனை இழந்தவரைக் கலியாண மேடைக்குக் கூப்பிடத் தயங்குகிறோம். பிள்ளையில்லாத தம்பதியரிடம் காரணம் விசாரிக்கிறோம். யோவினியன் அன்று வழக்கில் தோற்றுப்போனவர்தான். ஆனாலும் எந்தச் சமயத்தவராயினும், அடுத்த கலியாணவீட்டில் ஆரத்தி எடுக்க யாரைக் கூப்பிடுவது என்று பேசும்போது, அவர் சொன்னதை ஒருதரம் எண்ணிப் பாருங்கள்.