குளவியும் புழுவும்

குளவி புழுவைக் கொட்டிக் கொட்டித் தன் உருவாக்கிவிடும் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். குருவருளுக்கு உவமையாகவும் ஆன்றோர் இதனை எடுத்தாண்டனர். உண்மை யாதென்று காண நாம் ஊருக்குத் திரும்ப வேண்டுவதில்லை. டெல்லியிலோ மும்பையிலோ நாம் குடியிருக்கும் வீட்டின் பால்கனியே போதும்.

ஒரு முனையில் கணுவுள்ள மூங்கில் துண்டுகளை, 3 முதல் 10 மில்லிமீட்டர் வரை துளையுள்ளனவாகப் பொறுக்கி, ஒரு மரப்பெட்டியில் அடுக்கி, மழை படாமலும் காலை வெயில் படும்படியும் வைப்போம். வேனிலில் குளவிகள் தாமே வந்து சேரும். அண்டை வீட்டார் அஞ்சக்கூடும். இவை கூட்டமாய் வாழும் கதண்டுகள் அல்ல, தனித்து வாழ்பவை. கையால் நசுக்கினாலன்றிக் கொட்டுவது அரிது. குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று நம் ஊரில் கூட்டைக் கலைக்காமல் விடுவர். அந்த நம்பிக்கை குளவிக்கேனும் நன்மை செய்தது!

மூங்கில்களுக்கிடையே ஒரு கண்ணாடிக் குழாயைக் கறுப்புக் காகிதம் சுற்றிச் செருகி வைத்தால், உள்ளே நடப்பது கண்கூடாகும். தாய்க்குளவி முதலில் ஒரு முட்டையை மெல்லிய இழையில் தொங்கவிடுகிறது. பிறகே வேட்டை. பச்சைப் புழுக்களைக் கொட்டி, உயிர் போகாமல் அசைவு மட்டும் அடங்கச் செய்து கொணர்கிறது. ஆதலால் அவை அழுகுவதில்லை. அறை நிறைந்ததும் மண்ணால் அடைத்து, அடுத்த அறையைத் தொடங்குகிறது. முட்டையினின்று வரும் குஞ்சு அப்புழுக்களைத் தின்று வளர்ந்து குளவியாகிறது. கொட்டப்பட்ட புழு குளவியாவதில்லை, குளவிக்கு இரையாகிறது. பிரெஞ்சு அறிஞர் ஃபாபர் 1879 முதல் வெளியிட்ட நூல்களில் இவ்வாழ்க்கையை நுணுகி எழுதினார். மற்றொரு மெலிந்த கருங்குளவி புழுவைத் தொடாது, சிலந்திகளையே கொணரும்.

படமெடுக்க விரும்புவோர் பறக்கும் குளவியைத் துரத்த வேண்டா. இரையுடன் திரும்புவது வாயிலருகே ஒரு கணம் தயங்கும். கேமராவைத் தாங்கியில் நிறுத்தி, துளையின் விளிம்பைக் கூர்மைப்படுத்திக் காத்திருப்பதே வழி. மின்னொளி விளக்கின்மேல் மெல்லிய வெள்ளைத்தாளைக் கட்டினால் கண்கூசும் பளபளப்பு அடங்கும். பொற்குளவிக்கு இது மிகவும் தேவை. பச்சையும் நீலமுமாய் மின்னும் அச்சிறு குளவி கூடு கட்டுவதில்லை. பிறர் கூட்டில் முட்டையிடச் சமயம் பார்க்கிறது. வீட்டுக்காரி கண்டு பாய்ந்தால் பந்தாய்ச் சுருண்டுகொள்கிறது. அந்தக் கவசத்தைக் கொடுக்கு துளைப்பது கடினம்; கவ்வி வெளியே எறியத்தான் முடியும். எறியப்பட்ட பந்து விரிந்து, மறுபடி அதே துளையருகே வந்தமர்வதை நாம் படமெடுத்திருக்கிறோம்.