பதினாறு வாரத்தில் ஒரு சிப்பாய்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய படிப்பகக் கூட்டத்தில் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் வியட்நாம் யுத்தத்தைப் பற்றிப் பேசி முடித்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு தோழர் எழுந்தார். பஞ்சாலையில் ராத்திரி ஷிப்டு பார்ப்பவர். அவர் கேட்டார்: "அமெரிக்காவிலே கோடீஸ்வரன் மகனா துப்பாக்கி தூக்கிக்கிட்டுப் போனான்? நம்மைப்போல உழைக்கிறவன் மகன்தானே போனான்? கடல் தாண்டிப் போய், சேற்றிலே நாற்று நடுகிறவளைச் சுட அவனுக்கு எப்படி மனசு வந்தது?"

அன்று நேரமாகிவிட்டது. இன்று முழுக்க அந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லப்போகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனசு தானாக வரவில்லை, வரவழைத்தார்கள். அதற்கென்று இடம் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், வாரக்கணக்கு இருந்தது. அந்தப் பையன் கடல் கடப்பதற்கு முன்னால் இருந்த பயிற்சி முகாமுக்குள் நாமும் போய்ப் பார்ப்போம்.

யார் போனார்கள்?

1965 ஜூலை 28 அன்று ஜனாதிபதி ஜான்சன் ஓர் அறிவிப்புச் செய்தார். வியட்நாமில் இருந்த 75,000 அமெரிக்கத் துருப்புகள் 1,25,000 ஆக உயரும். மாதம் 17,000 பேர் என்று இருந்த கட்டாய ஆள்சேர்ப்பு 35,000 ஆகும் என்றார். அடுத்த ஆண்டில், 1966ல் மட்டும் 3,82,000 பேரைக் கட்டாயச் சேர்ப்பில் இழுத்தார்கள்.

சட்டம் எல்லோருக்கும் பொதுதான். ஆனால் கல்லூரியில் படிக்கிறவனுக்கு ஒத்திவைப்பு உண்டு. கல்லூரிக்குப் பணம் கட்ட முடிந்தவன் வகுப்பில் உட்கார்ந்தான். முடியாதவன் முகாமுக்குப் போனான். எவனை அனுப்புவது என்று முடிவு செய்த உள்ளூர்க் கமிட்டிகளில் 1966ல் கறுப்பு மக்கள் நூற்றுக்கு 1.3 பேர். ஜனத்தொகையிலோ அவர்கள் நூற்றுக்கு 11 பேர்.

அதே ஆண்டில் பாதுகாப்பு மந்திரி மக்னமாரா இன்னொரு திட்டம் கொண்டுவந்தார். பட்டாளத்தின் எழுத்துப் பரீட்சையில் தேறாதவர்களையும் சேர்த்துக்கொள்ளும் திட்டம். 'ஒரு லட்சம் திட்டம்' என்று அதற்குப் பெயர். ஏழைப் பையன்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து முன்னேற்றப்போகிறோம் என்றார்கள். 1971 முடிய மூன்றரை லட்சம் பேர் அப்படிச் சேர்க்கப்பட்டார்கள். பத்தில் நான்கு பேர் கறுப்பர்கள். முன்னேற்றம் என்று சொல்லிக் கூட்டிப்போனவர்களில் கணிசமானவர்களுக்குக் கிடைத்தது காலாட்படைத் துப்பாக்கி.

சம்பளம் என்ன? 1966ல் கடைசிப் படியில் இருந்த சிப்பாய்க்கு மாத அடிப்படைச் சம்பளம் சுமார் 90 டாலர். அதே வருஷம் அந்நாட்டில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு ஒன்றேகால் டாலர். வாரம் நாற்பது மணி உழைத்தால் மாதத்திற்கு இருநூறு டாலருக்கு மேல் வரும். பட்டாளத்தில் சாப்பாடும் துணியும் படுக்கையும் இனாம். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் உயிருக்கு அங்கே போட்ட விலை, கூட்டிப் பெருக்குகிறவன் கூலியில் பாதிகூட இல்லை.

பெயர் போய் நம்பர் வந்தது

பஸ் முகாம் வாசலில் நின்றதும் கத்தல் ஆரம்பம். இறங்கு, ஓடு, வரிசையில் நில். முதலில் தலைமயிர் போகும். ஒட்ட வழித்துவிடுவார்கள். கறுப்பன், வெள்ளையன், நகரத்தான், பட்டிக்காட்டான் எல்லோரும் ஒரே மொட்டைத்தலை. பிறகு ஊசி, இரண்டு பக்கமும் ஆள் நின்று இரண்டு கையிலும் போடுவார்கள். போட்டு வந்த சட்டையும் கால்சட்டையும் மூட்டை கட்டி வீட்டுக்கு அனுப்பப்படும். அந்த மூட்டையைப் பிரித்துப் பார்க்கிற தாய்க்கு எப்படி இருந்திருக்கும் என்று நம் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கழுத்தில் தகடு தொங்கும். அதில் பெயர், நம்பர், ரத்தப் பிரிவு, மதம். கட்டாயத்தில் வந்தவன் நம்பருக்கு முன்னால் 'யு.எஸ்.' என்று இருக்கும். தானாகச் சேர்ந்தவனுக்கு 'ஆர்.ஏ.' என்று இருக்கும். இரண்டு எழுத்தைப் பார்த்தே இவன் விரும்பி வந்தவனா, இழுத்து வரப்பட்டவனா என்று சார்ஜண்ட் தெரிந்துகொள்வான்.

பிறகு எட்டு வாரம் அடிப்படைப் பயிற்சி. அது முடிந்ததும் காலாட்படைக்காரனுக்கு மேலும் எட்டு ஒன்பது வாரம். விடியுமுன்பே எழுப்பிவிடுவார்கள். படுக்கையைச் சுருக்கமில்லாமல் இழுத்து மடிக்க வேண்டும். தரையை முகம் தெரிய மெழுகித் தேய்க்க வேண்டும். ஓட்டம், அணிவகுப்பு, தரையோடு தரையாக ஊர்தல். சாப்பாட்டுக் கொட்டகைக்குப் போகிற வழியிலேயே கம்பியில் தொங்கிக் கைமாற்றிப் போக வேண்டும். உட்கார்ந்த சில நிமிஷத்தில் விழுங்கிவிட்டு எழ வேண்டும். கண்ணீர்ப் புகை நிரப்பிய கூண்டுக்குள் நிறுத்தி முகமூடியைக் கழற்றச் சொல்வார்கள். தலைக்கு மேலே நிஜமான இயந்திரத் துப்பாக்கிக் குண்டு பறக்க, முள்கம்பிக்கு அடியில் ஊர்ந்து போகச் சொல்வார்கள். ராத்திரியில் தீக்காவல் முறை வேறு. தூக்கம் போதாது, யோசிக்க நேரம் கிடையாது. யோசிக்க நேரம் இல்லாமல் வைப்பதும் பயிற்சியில் ஒரு பாகம்தான்.

ஒருவன் தவறினால் எல்லோருக்கும் தண்டனை. ஒருவன் ஷூ பளபளக்கவில்லையென்றால் முப்பது நாற்பது பேரும் தரையில் விழுந்து தண்டால் எடுக்க வேண்டும். ஒரு மேஸ்திரி நம்மிடம் இப்படிச் செய்தால் நாம் மேஸ்திரியின் மேல்தான் கோபப்படுவோம். அங்கே கோபம் பக்கத்துப் படுக்கைக்காரன் மேல் திரும்பியது. 'உன்னாலேதானே எங்களுக்கு இந்தக் கதி' என்று ராத்திரியில் அவனைப் போர்வையால் மூடி அடித்த சம்பவங்கள் உண்டு. சார்ஜண்ட் கை வைக்காமலே காரியம் நடந்தது.

ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். அந்தப் பையன்களில் பலர் முகாமில் பெருமைப்பட்டார்கள். மெலிந்தவன் உடம்பு தேறினான். பள்ளிக்கூடத்தில் 'உருப்படமாட்டாய்' என்று கேட்டே வளர்ந்தவன் முதல் தடவையாக ஒரு காரியத்தை முடித்து 'சபாஷ்' வாங்கினான். வேறு எங்கேயும் ஒன்றாகச் சாப்பிட்டறியாத கறுப்பனும் வெள்ளையனும் ஒரே கூரையின் கீழ் படுத்தார்கள். ஒருவன் மூட்டையை ஒருவன் தூக்கினான். பக்கத்தில் இருப்பவனைக் கைவிடாதே என்பது அங்கே கற்றுத்தரப்பட்ட பாடம். பாடம் நல்ல பாடம்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வருகிறேன்.

குறிப்பலகை

இப்போது நம் தோழருடைய கேள்வியின் மையத்துக்கு வருகிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின், 1947ல், மார்ஷல் என்ற அமெரிக்க ராணுவ எழுத்தாளர் ஒரு செய்தியை வெளியிட்டார். போர்முனையில் எதிரியைக் கண்ணுக்கு நேரே கண்டும், சிப்பாய்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் துப்பாக்கியைச் சுடவில்லை என்றார். அவர் கணக்கு சரியல்ல என்று பிற்காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் மறுத்திருக்கிறார்கள். கணக்கு எப்படியானாலும், ராணுவத் தலைமை அதைக் கேட்டுத் திடுக்கிட்டது. சாதாரண மனிதனுக்கு இன்னொரு மனிதனைக் கொல்லக் கை வருவதில்லை என்று அது புரிந்துகொண்டது. நமக்கு நல்ல சேதியாகப் படுவது அவர்களுக்குக் கோளாறாகப் பட்டது. கோளாறைச் சரிசெய்ய இறங்கினார்கள்.

அதுவரை வட்டவட்டமாகக் கோடு போட்ட பலகையைப் பார்த்துச் சுடப் பழக்கினார்கள். 1950களின் பிற்பகுதியில் அது மாறியது. மனித உருவில் வெட்டிய பலகை புதருக்குப் பின்னாலிருந்து திடீரென்று எழும். சில வினாடிதான் நிற்கும். அதற்குள் சுட வேண்டும். குண்டு பட்டால் மனிதன் விழுவதுபோலவே விழும். எழும், சுடு, விழும்; எழும், சுடு, விழும். நூற்றுக்கணக்கான தடவை. கை பழகிவிட்டால் மனசைக் கேட்காது. மில்லில் இழை அறுந்தால் கண் பார்க்குமுன் விரல் போய் முடிச்சுப் போடுகிறதல்லவா? அதே பழக்கம்தான்.

கையைப் பழக்கினார்கள், நாக்கையும் பழக்கினார்கள். துப்பாக்கி முனைக் கத்திப் பயிற்சியில் சார்ஜண்ட் கேட்பான், இந்தக் கத்தியின் தர்மம் என்ன என்று. 'கொல்!' என்று எல்லோரும் தொண்டை கிழியக் கத்த வேண்டும். லூசியானா மாநிலத்தில் போல்க் கோட்டை என்ற முகாம். புழுக்கமும் சதுப்புமான இடம். அங்கே வியட்நாம் கிராமத்தைப்போலக் குடிசை கட்டி அதற்குள் புகுந்து தேடப் பழக்கினார்கள். அந்தக் குடிசையில் இருப்பவனுக்கு விவசாயி என்று பெயர் சொல்லவில்லை; மனிதன் என்றும் சொல்லவில்லை. 'கூக்' என்ற இழிசொல்லைச் சொல்லிக்கொடுத்தார்கள். இழிபெயர் வைத்து அழைப்பது எதற்கு என்று இந்தக் கூட்டத்தில் இருக்கிற விவசாயத் தொழிலாளிக்கு நான் விளக்க வேண்டுமா? பெயரைப் பறித்த பிறகு எதையும் செய்யலாம்.

பலன் என்ன? ஹவாய் தீவில் ஷோபீல்டு முகாமில் ஒன்றாகப் பயிற்சி பெற்ற ஒரு கம்பெனி 1967 டிசம்பரில் வியட்நாம் போய் இறங்கியது. 1968 மார்ச் 16 அன்று மை லாய் கிராமத்துக்குள் புகுந்தது. வியட்நாமியர் கணக்குப்படி அன்று கொல்லப்பட்டவர்கள் 504 பேர். கிழவர்கள், பெண்கள், கைக்குழந்தைகள். சுட்டவர்களில் ஒருவன் இந்தியானா மாநிலத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். மறுவருஷம் செய்தி வெளியானபோது அவன் தாய் பத்திரிகைக்காரரிடம் சொன்னாள்: நல்ல பிள்ளையாகத்தான் அனுப்பினேன், அவர்கள் கொலைகாரனாக்கிவிட்டார்கள் என்று.

தோழர் கேட்ட கேள்விக்கு அந்தத் தாயின் பதிலே பதில். ஆனால் இதோடு முடியவில்லை. அதே கம்பெனியில், அதே முகாமில் பயின்று, அன்று சுட மறுத்தவர்களும் இருந்தார்கள். ஆகவே முகாம் எல்லோரையும் முழுசாக ஜெயித்துவிடவில்லை.

மூன்று பேர்

டெக்சாஸ் மாநிலத்தில் ஹூட் கோட்டை. அங்கே 142வது தகவல் படைப்பிரிவில் மூன்று இளைஞர்கள். ஜேம்ஸ் ஜான்சன், நியூயார்க் கறுப்பர். டென்னிஸ் மோரா, அதே நகரத்துப் போர்ட்டோ ரிக்கோ வம்சத்தவர். டேவிட் சமாஸ், லிதுவேனிய, இத்தாலியப் பெற்றோருக்குப் பிறந்த வெள்ளையர். மூவருக்கும் வியட்நாம் போக உத்தரவு வந்தது. புறப்படுமுன் விடுமுறை கொடுத்தார்கள்.

1966 ஜூன் 30 அன்று நியூயார்க்கில் பத்திரிகையாளர்களைக் கூட்டி, இந்த யுத்தம் அநியாயமானது, ஒழுக்கக்கேடானது, சட்டவிரோதமானது, நாங்கள் போகமாட்டோம் என்று மூவரும் அறிவித்தார்கள். முகாமில் கேட்டதையும் சொன்னார்கள்: ஒரு வியட்நாமியப் பெண்ணோ குழந்தையோ எதிரே வரலாம், கொல்ல வேண்டியிருக்கும் என்று தங்களுக்குப் பலமுறை சொல்லப்பட்டது, அதைச் செய்ய ஒருநாளும் போகமாட்டோம் என்றார்கள். கூட இருந்த சிப்பாய்களில் பலருக்கும் போக மனமில்லை. வேறு வழியில்லை என்றே நினைக்கிறார்கள் என்றார்கள்.

ஜூலை 7 அன்று ஒரு கூட்டத்தில் பேசப் போகும் வழியில் மூவரையும் பிடித்தார்கள். டிக்ஸ் கோட்டையில் அடைத்தார்கள். வியட்நாம் போகும் வாகனத்தில் ஏறு என்று நேராக உத்தரவிட்டார்கள். மூவரும் ஏறவில்லை. செப்டம்பரில் ராணுவ விசாரணை. ஜான்சனுக்கும் சமாசுக்கும் ஐந்தாண்டு, மோராவுக்கு மூன்றாண்டு கடுங்காவல். இருவரின் தண்டனை பின்னால் மூன்றாண்டாகக் குறைந்தது. யுத்தம் சட்டப்படியானதா என்ற கேள்வியோடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1967ல் நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டது. விசாரிக்க வேண்டும் என்று சொன்ன நீதிபதிகள் இரண்டே பேர்.

பக்கத்தில் இருப்பவனைக் கைவிடாதே என்ற பாடத்தை ஞாபகத்தில் வைக்கச் சொன்னேனே, அது இங்கே வருகிறது. முகாம் இரண்டு பாடம் சொன்னது. கேள்வி கேட்காதே என்பது ஒன்று. கூட இருப்பவனை விடாதே என்பது இன்னொன்று. மூன்று நிறத்தவர், மூன்று வம்சத்தவர் இரண்டாவது பாடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு முதல் பாடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தனியாக இருந்தால் ஒருவேளை மூவரும் வண்டி ஏறியிருப்பார்கள்.

அதற்குப் பின் கதவு திறந்துகொண்டது. 1968ல் ஹூட் கோட்டைக்குப் பக்கத்து ஊரில், சிப்பாய்கள் சீருடையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து பேசக் காப்பிக்கடை ஒன்று வந்தது. அந்த ஆகஸ்டில் சிகாகோ நகரத்து ஜனங்களை அடக்கப் போக மாட்டோம் என்று கறுப்புச் சிப்பாய்கள் இரவு முழுக்க அதே முகாமில் உட்கார்ந்தார்கள்; 43 பேர் கைதானார்கள். 1973ல் கட்டாய ஆள்சேர்ப்பு நின்றது. அந்த மார்ச்சில் அமெரிக்கப் படை வியட்நாமை விட்டு வெளியேறியது. வியட்நாமிய மக்களின் போராட்டமே முதல் காரணம். ஆனால் முகாமுக்குள்ளிருந்து எழுந்த குரலுக்கும் அதில் பங்கு உண்டு.

இன்று அங்கே கட்டாயம் இல்லை. அதற்குப் பதில் கல்லூரிக் கட்டணம் தருகிறோம் என்று அழைக்கிறார்கள். சட்டப்படி, மத்திய அரசின் பணம் வாங்கும் பள்ளிக்கூடங்கள் மாணவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஆள்சேர்ப்பவருக்குக் கொடுக்க வேண்டும். பெற்றோர் எழுதிக் கொடுத்து மறுத்தால்தான் விலக்கு. பணக்காரப் பிள்ளைக்கு அந்த அழைப்பு தேவைப்படுவதில்லை.

ராத்திரி ஷிப்டுத் தோழரே, நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்க விடாமல் செய்வதற்குத்தான் பதினாறு வாரம் தேவைப்பட்டது. மூன்று பேர் அதைச் சத்தமாகக் கேட்டார்கள், அதற்குச் சிறையில் விலை கொடுத்தார்கள். வேற்று நாட்டு உழைப்பாளியை எவனாவது இழிபெயர் சொல்லி நம் பிள்ளைக்குக் காட்டினால், அந்தப் பெயரை நம் வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளிடம் இந்த மூவரின் கதையைச் சொல்லுங்கள்.